ஷார்தானின் ‘உணவுக்கு முன் செபம்’: ஒரே காட்சி மூன்று ஓவியங்களாக இருந்தால் எது அசல்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில், பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் ழான் சிமேயோன் ஷார்தான் வரைந்த ‘லெ பெனெடிசிதே’ என்ற சிறிய தைலவண்ண ஓவியம் இருக்கிறது. தாய் உணவு பரிமாறுகிறாள், மேசையருகே இரண்டு பிள்ளைகள், அவர்களில் இளையது கைகூப்பி, உணவுக்கு முன் சொல்லும் செபத்தைச் சொல்கிறது. இதே படம் லூவரிலேயே இன்னொன்றும் ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் வேறொன்றும் இருப்பதாகப் படித்து, எது அசல், மற்றவை போலியா என்று கேட்கிறீர்கள். கவுன் அணிந்த அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்றும், பழம்பொருள் கடையொன்றில் கண்ட இதே காட்சியின் பிரதியை வாங்கலாமா என்றும் கேட்கிறீர்கள். ஆனால் ‘ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தவரை, அதுவும் இவ்வளவு சாதாரணமான காட்சியை வரைந்தவரை, ஏன் இத்தனை கொண்டாடுகிறார்கள்?’ என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் தைலவண்ணத்தை முறையாகக் கற்றவன். பழைய கான்வாஸ் படங்களைச் சுத்தம் செய்து செப்பனிடுவது என் தொழில். லூவரில் உள்ள படத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் நிலையில்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே ஆவணங்களால் உறுதியானதையும், அறிஞர்கள் இன்னும் வாதிடுவதையும், தொழில் பழக்கத்தால் நான் ஊகிப்பதையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்கலாம். பிரெஞ்சு அரச ஓவிய அகாதமியின் உறுப்பினர்கள் தங்கள் புதிய படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த ‘சலோன்’ கண்காட்சியில், 1740ஆம் ஆண்டு ஷார்தான் இந்தப் படத்தையும் ‘உழைப்பாளித் தாய்’ என்ற இன்னொரு படத்தையும் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டு நவம்பரில் வெர்சாய் அரண்மனையில் பதினைந்தாம் லூயி மன்னரின் முன் அழைத்துச் செல்லப்பட்டபோது அவ்விரு படங்களையும் மன்னருக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். அரச சேகரிப்பில் இருந்த அவை, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அரண்மனைப் பொருட்கள் நாட்டின் உடைமையானபோது அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. மன்னர் கைக்குப் போன நாளிலிருந்து இன்றுவரை இருப்பிடம் தெளிவாகத் தெரிந்த படம் இது. ஆகவே ‘முதலாவது எது’ என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், லூவரில் உள்ள இந்த 1740ஆம் ஆண்டுப் படமே என்பதில் பெரிய ஐயம் இல்லை. இதன் உயரம் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர், அகலம் 39 சென்டிமீட்டர். லூவரில் உள்ள இரண்டாவது படம், மருத்துவரும் பெரும் சேகரிப்பாளருமான லூயி லா காஸ் 1869இல் எழுதிவைத்த கொடையாக வந்தது. ஹெர்மிடாஜ் படம் ஓவியரின் கையொப்பமும் 1744 என்ற ஆண்டும் உடையது. பேரரசி இரண்டாம் கேத்தரினின் சேகரிப்பில் இருந்தது.

இந்த மூன்றில் எதையும் போலி என்று சொல்ல முடியாது. ஓவியர் தன் படத்தைத் தானே மறுபடி வரைவது, பட்டறை உதவியாளர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் நகலெடுப்பது, பிற்காலத்தவர் கற்பதற்காகவோ விற்பதற்காகவோ படியெடுப்பது, ஏமாற்றும் நோக்கத்தோடு ஒருவர் பொய்க் கையொப்பம் இட்டுச் செய்வது ஆகிய நான்கும் வெவ்வேறு செயல்கள். கடைசி ஒன்றைத்தான் போலி என்று சொல்ல வேண்டும். ஷார்தான் தன் வெற்றிபெற்ற காட்சிகளைத் தன் கையாலேயே மீண்டும் வரைந்தார் என்பது அவருடைய பல படங்களில் தெளிவாகத் தெரியும் வழக்கம். சந்தையிலிருந்து திரும்பி ரொட்டிகளை மேடைமேல் இறக்கிவைக்கும் பணிப்பெண்ணின் படம் பெர்லினிலும் கனடாவின் ஒட்டாவாவிலும் லூவரிலும் இருக்கிறது. சோப்பு நுரைக் குமிழி ஊதும் இளைஞனின் படமும் அமெரிக்காவின் மூன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இதை யாரும் குறையாகக் கருதவில்லை. மன்னரிடம் போய்விட்ட படத்தைப் போல ஒன்று வேண்டும் என்று மற்றவர்கள் விரும்பினால், அதே ஓவியரின் கையிலிருந்து அது கிடைப்பதைப் பேறாகவே எண்ணினார்கள். இவற்றைத் தவிர, செபக் காட்சியின் வேறு பல பிரதிகளும் ஐரோப்பாவில் இருக்கின்றன. அவற்றில் சில ஷார்தானுடைய கையா, பிறருடையதா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒரு படத்தின் இருப்பிட வரலாறு விட்டுவிட்டுத் தெரியும்போது, வண்ணப் பூச்சின் தன்மையை மட்டும் வைத்து முடிவு சொல்வது அனுபவம் மிக்கவர்களுக்கும் கடினமே.

அவர் ஏன் மறுபடி வரைந்தார் என்பதற்குப் பணம் ஒரு காரணம்தான். அவர் வேலை செய்த விதம் அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். ஷார்தான் மிகவும் மெதுவாக வரைபவர் என்று அவருடன் பழகியவர்கள் குறித்திருக்கிறார்கள். மற்ற ஓவியர்கள் முதலில் தாளில் பல வரைகோட்டுப் படங்கள் போட்டுக் காட்சியைத் தீர்மானித்த பிறகு கான்வாஸுக்குப் போவார்கள். ஷார்தானிடமிருந்து அப்படிப்பட்ட வரைகோட்டுப் படங்கள் மிக அரிதாகவே நமக்குக் கிடைத்திருக்கின்றன. எதிரே இருப்பதைப் பார்த்து நேரே கான்வாஸில் வண்ணத்தாலேயே வரைந்து, திருத்தி, மேலே பூசி, மறுபடி திருத்துவது அவர் முறை. வெள்ளிக் கிண்ணத்தையும் பீச் பழத்தையும் அப்படி வரையலாம். கிண்ணம் நகராது, பழம் சில நாள் தாங்கும். மூன்று மனிதர்களை, அதிலும் இரண்டு பிள்ளைகளை, ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்கவும் உட்காரவும் வைத்து அவ்வாறு வரைவது எத்தனை மாத உழைப்பு என்பதை, ஒரே ஒரு குழந்தையை உட்காரவைத்து வரைய முயன்ற எவரும் அறிவர். அப்படிப் பாடுபட்டு ஓர் அமைப்பைக் கண்டடைந்தவர், அதை ஒரே முறையோடு விட்டுவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் விசித்திரம். மறுபடி வரையும்போது அவர் வெறுமனே படியெடுக்கவில்லை. அளவிலும் சிறு பொருட்களிலும் ஒளியிலும் வேறுபாடுகள் உண்டு.

இனி அந்தக் குழந்தையைப் பற்றி. அது பையன் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆண் பிள்ளைகளுக்கும் ஆறு ஏழு வயது வரை கவுன் போன்ற நீண்ட உடையையே அணிவித்தார்கள். அதன் பிறகுதான் கால்சட்டை. ஆகவே உடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் குழந்தை அமர்ந்திருக்கும் சிறிய நாற்காலியில் ஒரு விளையாட்டு மத்தளம் தொங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அது அக்காலத்தில் பையன்களுக்குரிய பொம்மை. இதைவிட வலுவான சான்று 1744இல் லெப்பிசியே என்ற அச்சுச் செதுக்குநர் இந்தப் படத்தைப் பார்த்துச் செய்த செப்புத்தகட்டு அச்சில் இருக்கிறது. அதன் அடியில் நான்கு வரிப் பாட்டு ஒன்று உண்டு. தம்பி திக்கித் திக்கிச் செபம் சொல்வதைப் பார்த்து அக்காள் கமுக்கமாகச் சிரிக்கிறாள், அவனோ அதைப் பொருட்படுத்தாமல் வேகவேகமாகச் சொல்லி முடிக்கிறான், பசிதான் அவனுக்கு நியாயம் என்பது அதன் பொருள். படம் வெளியான சில ஆண்டுகளுக்குள், ஷார்தான் உயிரோடு இருக்கும்போதே, அவரை நன்கு அறிந்த ஒருவரின் அச்சில் ‘தம்பி’ என்றே இருப்பதால் இதில் வாதத்துக்கு அதிக இடமில்லை.

அந்தப் பாட்டின் மற்ற பகுதியை நான் அவ்வளவு எளிதாக ஏற்க மாட்டேன். அச்சுப்படங்களின் அடியில் குறும்பாகவோ அறிவுரையாகவோ நாலு வரி சேர்ப்பது அன்றைய அச்சு வணிகத்தின் வழக்கம். அந்த வரிகள் ஷார்தானுடையவை என்று கொள்ள ஆதாரம் இல்லை. படத்தில் அக்காளின் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் கேலிச் சிரிப்பு என்று என்னால் துணிந்து சொல்ல முடியவில்லை. அவள் பார்க்கிறாள், தாயும் பார்க்கிறாள், இரண்டு பார்வைகளும் அந்தச் சின்னவன் மேல் வந்து நிற்கின்றன. அவன் செபத்தை முடித்தால்தான் சாப்பாடு நடக்கும். கதை என்று சொல்லத்தக்கது அவ்வளவுதான். தாய் கண்டிப்பானவளா, கனிந்தவளா என்பதைக்கூட ஓவியர் முகபாவத்தால் அழுத்திச் சொல்லவில்லை. இந்த அடக்கமே படத்தின் தனித்தன்மை என்பது என் கருத்து. ஆனால் இதே படத்தை நல்லொழுக்கப் பாடமாகவும், நடுத்தரக் குடும்பத்தின் பக்திக்குச் சான்றாகவும் படிப்பவர்கள் உண்டு. அவர்களிடமும் நியாயம் இருக்கிறது. மன்னருக்குக் கொடுத்த இணைப் படத்தின் பெயரே ‘உழைப்பாளித் தாய்’ அல்லவா?

இணையத்தில் அடிக்கடி காணும் ஒரு கூற்றையும் இங்கே சொல்ல வேண்டும். இது ஷார்தானுடைய சொந்த மனைவியும் பிள்ளைகளும் என்று சிலர் எழுதுகிறார்கள். அவர் 1731இல் மார்கரீத் செந்தாரை மணந்தார். அதே ஆண்டு மகன் ழான் பியேர் பிறந்தான். மனைவி 1735இல் இறந்துவிட்டார். ஷார்தான் மறுமணம் செய்தது 1744இல்தான். ஆகவே 1740இல் இந்தப் படம் மக்கள் பார்வைக்கு வந்தபோது அவர் மனைவியை இழந்தவர். மகனுக்கு ஏறக்குறைய ஒன்பது வயது. இந்தத் தாய்க்கு முன்மாதிரியாக நின்ற பெண் யார் என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை. தாயில்லாத வீட்டில் இருந்துகொண்டு இப்படியொரு காட்சியை வரைந்தார் என்ற எண்ணம் யார் மனதையும் தொடும். என் மனதையும் தொட்டிருக்கிறது. ஆனால் அது நாம் படத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் உணர்வு, படம் தரும் செய்தி அன்று. இரண்டையும் பிரித்து வைப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

சாதாரணக் காட்சி என்று நீங்கள் சொன்னது அன்றைய அகாதமியின் கருத்தும்கூட. புராண, விவிலிய, வரலாற்றுக் காட்சிகளை வரைபவர்களே உயர்ந்தவர்கள், பழங்களையும் பாத்திரங்களையும் வரைபவர்கள் கடைசிப் படியில் நிற்பவர்கள் என்ற வரிசையை 1667இலேயே கலை எழுத்தாளர் ஃபெலிபியான் எழுத்தில் வகுத்துவிட்டார். தச்சரின் மகனாகப் பிறந்து, அகாதமியின் நீண்ட பயிற்சிப் படிகளைக் கடந்து வராத ஷார்தான், 1728இல் ‘விலங்குகளையும் பழங்களையும் வரைபவர்’ என்ற தகுதியில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். மனித உருவங்களுக்கு அவர் வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. அதற்குக் காரணமாக ஒரு கதை சொல்லப்படுகிறது. உருவப்பட ஓவியரான அவருடைய நண்பர் அவேத், நானூறு லிவ்ரு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கூலிக்கு ஒரு சீமாட்டியின் படத்தை வரைய மறுத்தாராம். அது நல்ல தொகையாயிற்றே என்று ஷார்தான் சொல்ல, உருவப்படம் வரைவது தொத்திறைச்சித் துண்டை வரைவது போல எளிதாக இருந்தால் அப்படித்தான் என்று அவேத் பதில் சொன்னாராம். அந்தச் சொல் தைத்ததால் ஷார்தான் மனிதர்களை வரையத் தொடங்கினார் என்று, அவர் காலத்திலேயே கலைச் செய்திகளைத் தொகுத்த மரியெட் எழுதிவைத்தார். உரையாடல் சொல்லுக்குச் சொல் உண்மையா என்பது ஐயத்துக்குரியது. ஆனால் பழ ஓவியர் என்ற முத்திரை அவரை உறுத்தியது என்ற அளவில் நான் இதை நம்புகிறேன்.

அப்படி மனிதர்களுக்கு வந்தபோதும் அவர் புராணத்துக்குத் தாவவில்லை. தான் வாழ்ந்த தெருவின் வீடுகளுக்குள்ளேயே இருந்தார். 1741இல் அவருடைய இன்னொரு குடும்பக் காட்சியைப் பற்றி எழுதிய விமர்சகர் ஒருவர், நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் அங்கே தங்கள் உருவத்தையும் தங்கள் வீட்டு நடைமுறையையும் கண்டுகொள்கிறார்கள் என்று குறித்தார். சலோன் கண்காட்சிக்கு வந்தவர்கள் அதுவரை பெரிய படங்களில் புராணக் காட்சிகளையே அதிகம் பார்த்துப் பழகியவர்கள். நெதர்லாந்து ஓவியர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக் காட்சிகளை வரைந்திருந்தார்கள், அவை பாரிஸ் சேகரிப்பாளர்களிடம் மிகுந்த விலைபோயின, ஷார்தான் அவற்றை அறிந்தவர் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஓவியங்கள் பலவற்றில் குடிகாரத் தகப்பனோ, காதல் கடிதமோ, பழமொழியோ எதையாவது சுட்டிக்காட்டும். ஷார்தான் அவற்றையெல்லாம் விலக்கிவிட்டு, ஒரு செயல் நின்று நிதானிக்கும் கணத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

படத்தின் பெருமை எங்கே இருக்கிறது என்று என் தொழில் கண்ணால் சொல்ல வேண்டுமானால், மேசை விரிப்பின் வெண்மையைக் காட்டுவேன். அருகே போய்ப் பார்த்தால் அதில் சுத்தமான வெள்ளை மிகக் குறைவு. சாம்பலும் மங்கிய நீலமும் பழுப்பும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தடிப்பாக, சற்றே மணல்மணலாகப் படிந்திருக்கின்றன. சில அடிகள் பின்வாங்கினால் அவை சேர்ந்து துவைத்த துணியாகின்றன. தாயின் தலைத்துணியும் அவ்வாறே. ஷார்தானின் நண்பரும் அகாதமிச் செயலாளருமான கொஷான், அவர் மறைந்த பிறகு எழுதிய வாழ்க்கைக் குறிப்பில், ஒரு பொருளை உண்மையாக வரைய வேண்டுமானால் தான் முன்பு பார்த்தவற்றையும் பிறர் அதை வரைந்த விதத்தையும் மறந்துவிட வேண்டும், நுண்விவரங்கள் கண்ணில் படாத தூரத்தில் அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஷார்தான் கருதியதாகத் தெரிவிக்கிறார். வேறொருவர் நினைவிலிருந்து எழுதிய கூற்று என்றாலும், கான்வாஸ் அதற்குச் சாட்சி சொல்கிறது. பிள்ளையின் விரல்களை நகம் வரை எண்ணிக் காட்டாமல், கைகள் கூடியிருக்கும் கனத்தை மட்டுமே அவர் வரைந்திருக்கிறார். சுவரில் அலங்காரம் ஏதும் இல்லாத பழுப்பு வெளியை அவ்வளவு பெரிதாக விட்டதும் இதே காரணத்தால்தான். கண் வேறெங்கும் போக இடமில்லாமல் மூன்று தலைகளுக்கும் இடையிலேயே சுற்றுகிறது. அரை மீட்டர் உயரமே உள்ள படம் என்பதால், ஒரு நேரத்தில் ஒருவர் இருவர்தான் நன்றாகப் பார்க்க முடியும். இந்தச் சிறிய அளவும் காட்சியின் ஒரு பகுதியே.

அவர் புகழ் தொடர்ந்து ஒரே நிலையில் இருந்ததும் இல்லை. 1750களிலிருந்து அவரே குடும்பக் காட்சிகளை விட்டுவிட்டுப் பெரும்பாலும் பழங்களுக்கும் பாத்திரங்களுக்கும் திரும்பினார். கடைசி ஆண்டுகளில் கண்பார்வை குன்றியதால் தைலவண்ணத்தை விட்டு பாஸ்டல் என்னும் உலர்வண்ணக் குச்சிகளால் முகங்களை வரைந்தார், 1779இல் காலமானார். புரட்சிக்கால வீரக் காட்சிகளின் அலையில் ஏறக்குறைய மறக்கப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கொன்கூர் சகோதரர்கள் என்ற எழுத்தாளர்களின் கட்டுரைகளாலும் லா காஸ் போன்ற சேகரிப்பாளர்களாலும் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தார். இன்றைய நிலைக்கு ஒரு எடுத்துக்காட்டு போதும்: காட்டு ஸ்ட்ராபெரிப் பழங்கள் குவிந்த கூடையை அவர் வரைந்த சிறிய படம் 2022 மார்ச்சில் பாரிஸ் ஏலத்தில் 2.4 கோடி யூரோவுக்கு மேல் போனது.

கடையில் நீங்கள் பார்த்த பிரதிக்கு வருகிறேன். நீங்கள் இணைத்திருந்த கைபேசிப் புகைப்படத்தை வைத்து அதன் வயதை யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்களே செய்யக்கூடிய சில சோதனைகள் உண்டு. நல்ல உருப்பெருக்கி ஒன்றை வாங்கி, முகம் உள்ள பகுதியைப் பாருங்கள். வண்ணம் ஒழுங்கான சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது கான்வாஸ் மேல் அச்சடித்து, மேலே தெளிந்த பசையால் தூரிகைத் தடம் போட்ட படம். பிறகு பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். துணியைச் சட்டத்தில் ஸ்டேப்ளர் ஊசிகளால் அடித்திருந்தால், அந்தப் பொருத்தம் இருபதாம் நூற்றாண்டையோ அதற்குப் பிந்தைய காலத்தையோ சேர்ந்தது. ஆனால் பழைய படத்தையும் புதிய சட்டத்தில் மாற்றி அடிப்பது உண்டு என்பதால் இது மட்டும் முடிவாகாது. லூவர் படத்தோடு ஒப்பிட்டு, காட்சி இடம் வலமாகத் திரும்பியிருந்தால், அதை வரைந்தவர் ஓவியத்தைப் பார்க்காமல் அச்சுப்படம் எதையோ பார்த்து வரைந்திருக்க வாய்ப்பு அதிகம். தகட்டில் செதுக்கியது தாளில் ஏறும்போது பக்கம் மாறுவது இயல்பு. ஆய்வுக்கூடத்தில் வெள்ளை நிறத்தைச் சோதித்து டைட்டானியம் வெள்ளை இருப்பதாகத் தெரிந்தால், அந்தப் பூச்சு 1920ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது; ஷார்தான் காலத்தில் ஓவியர்கள் பயன்படுத்தியது ஈய வெள்ளை. பிற்காலத்தில் யாரோ ஒட்டுப்போட்ட இடத்திலிருந்து மாதிரி எடுத்துவிட்டால் இந்தச் சோதனையும் தவறான விடை தரும் என்பதால், எந்த இடத்தில் எடுப்பது என்பதைத் தொழில் தெரிந்தவர் தீர்மானிக்க வேண்டும்.

சட்டத்தில் உள்ள பித்தளைப் பட்டையில் ‘ஷார்தான்’ என்று பொறித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பட்டைகளை யார் வேண்டுமானாலும், எந்தக் காலத்திலும் பொருத்தலாம். அதற்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கடைக்காரர் அசல் என்று சொன்னால், எந்த ஆண்டில் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற எழுத்துச் சான்றைக் கேளுங்கள். இல்லை என்றால், ஒரு நல்ல பிரதிக்குரிய விலையை மட்டும் பேசுங்கள். நல்ல பிரதியை வீட்டில் மாட்டுவதில் குறை ஒன்றும் இல்லை. வாங்கினால் சமையலறைப் புகையும் ஈரச் சுவரும் நேர் வெயிலும் இல்லாத இடத்தில் மாட்டுங்கள். எண்ணெயோ வெங்காயமோ உருளைக்கிழங்கோ தேய்த்துப் பளபளப்பாக்கும் வீட்டு வைத்தியம் எதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். அவற்றால் கெட்ட படங்கள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். வண்ணம் உதிர்வது தெரிந்தால் அதையும் நிறுத்திவிட்டு, படத்தைப் படுக்கைவாக்கில் வைத்து, செப்பனிடுபவரிடம் கொண்டுசெல்லுங்கள்.